சாக்பீஸ் ஆங்கிலம்

செவ்வாய்க்கிழமை என்பது அந்த வீட்டில் கிழமையின் பெயர் மட்டுமில்லை, ஒரு ஆளின் பெயரும்கூட. கடலுக்கு அப்பால் எங்கேயோ சிறு படகுகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விடுகிற ஒரு மனிதர், வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்வார். அவருடைய சொந்தப் பெயர் எவர் வாயிலும் நுழையாது. வீட்டுப் பெரியவரான மேஸ்திரிக்கு மட்டும்தான் அது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் சுருக்கமாகச் செவ்வாய்க்கிழமை என்றே வைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பேசினாரா, செவ்வாய்க்கிழமைக்கு முழங்கால் வலி தேவலையா என்று இவர்கள் பேசிக்கொள்வதைப் புதிதாகக் கேட்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டு போகவேண்டியதுதான்.

படகுகளுக்குக் கேன்வாஸ் உறை தைப்பது அவர்கள் பிழைப்பு. தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை, அதன் பின்சுவரை ஒட்டியே இரண்டு அறை வீடு. மேஸ்திரியின் தம்பி, எல்லோருக்கும் சின்னவர், தரையில் மண்டிபோட்டுத் துணியை வெட்டுவார். மேஸ்திரியின் மனைவி தடித்த ஊசி போட்ட பெரிய மிஷினில் உட்கார்ந்து தைப்பாள். சின்னவருக்கு அண்ணி என்பதால் பட்டறை முழுக்க அவள் அண்ணிதான். அவளைவிடப் பத்து வயது மூத்த வளையக்காகூட அப்படித்தான் கூப்பிடுவாள். வளையக்காவின் வேலை, உறையின் ஓரத்தில் ஓட்டை போட்டுப் பித்தளை வளையம் அடிப்பது. காலையில் அவள் சுத்தியலை எடுத்தால் கூரைத் தகரமும் கூடச் சேர்ந்து தாளம் போடும்.

மேஸ்திரிக்கு என்ன வேலை என்று கேட்டால், பேச்சுத்தான் வேலை. அளவு எடுப்பார், கணக்குப் பார்ப்பார், அதெல்லாம் உண்டு. ஆனால் பட்டறை நின்றது அவர் நாக்கில். இளவயதில் கப்பல் சாமான் விற்கிற கடையில் இருந்து பழகிய ஆங்கிலம். செவ்வாய்க்கிழமையோடு உறை பற்றி ஐந்து நிமிஷம் பேசுவார், மீதி அரை மணி நேரம் ஊர்க்கதை. மழை, முழங்கால், அவர் வளர்க்கிற நாய், அந்த நாய் கடித்துப்போட்ட செருப்பு, எல்லாம் இங்கே எல்லோருக்கும் அத்துப்படி. "இந்த மனுஷன் வாயை மூட ஒரு வளையம் அடிங்கக்கா" என்று அண்ணியே எத்தனையோ முறை வளையக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அதை நினைத்தால் அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

மேஸ்திரியின் தொண்டையில் கட்டி வந்தது. குரல் கம்மியது, பிறகு கரகரத்தது, பிறகு சாப்பாடு இறங்க மறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி கழுத்தில் இருக்கிற ஒரு சின்னத் துவாரத்தின் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் அண்ணி மெல்லிய வெள்ளைத் துணி தைத்துக் கட்டிவிட்டாள். பேச்சு போனது போனதுதான் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆனால் ஆள் பிழைத்தாரே. காலையில் அவர் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதுவதற்கு வாயைக் குவித்து, ஊத முடியாதது நினைவுக்கு வந்து, ஆறட்டும் என்று காத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், முகம்கூடச் சரியாக நினைவில்லாத அந்த டாக்டருக்கு அண்ணி மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவாள்.

கும்பிடு போட்டால் போதுமா, பட்டறை ஓட வேண்டுமே. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்காரர், மேஸ்திரி இனிப் பேசமாட்டார் என்று கேள்விப்பட்டதும் நேரில் வந்து பழம் கொடுத்து நலம் விசாரித்தார். மிகவும் வருத்தப்பட்டார். அடுத்த வாரமே வேலையை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். போனில் பேச ஆள் இல்லாத இடத்தோடு எப்படித் தொழில் செய்வது என்று யாரிடமோ சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணிக்கு ஒரே பயம். மீதி இருந்தது செவ்வாய்க்கிழமை ஒருவர்தான். அவரும் போனால் பட்டறையை இழுத்துப் பூட்டவேண்டியதுதான்.

"அவருக்குத் தெரியவே கூடாது" என்றாள்.

மேஸ்திரி ஒரு துண்டுக் கேன்வாஸை எடுத்து, வெட்டுக்கோடு போடுகிற சாக்பீஸால் எழுதிக் காட்டினார்: சொல்லிவிடலாமே.

"லாரிக்காரர் பழம் கொடுத்துட்டுப் போனாரு. இவரு இருக்கிற தூரத்துக்கு அதுவும் கிடைக்காதுங்க. கொஞ்ச நாள் நான் பேசிச் சமாளிக்கிறேன். நீங்க எனக்குச் சொல்லிக்கொடுங்க."

மேஸ்திரி அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாரைக் கண்டால் கடைசி பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொண்டவள் என்பது அவருக்குத் தெரியும். அவளே சொன்ன கதைதான்.

மறுநாள் போன் வைத்திருந்த மேஜைக்கு எதிர்ச்சுவரில் அடர்நீலக் கேன்வாஸ் ஒன்று தொங்கியது. ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம். அதில் மேஸ்திரி தன் குண்டு குண்டு எழுத்தில், ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தார். குட் மார்னிங், ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ. ஹீ இஸ் அவுட் அட் த மொமென்ட். குட் யூ ஸ்பீக் எ லிட்டில் ஸ்லோலி. மே ஐ டேக் எ மெசேஜ். ஐ வில் லெட் ஹிம் நோ. நடுநடுவே அவளுக்கான குறிப்புகள்: இங்கே சிரி. மூச்சு விடு. அவர் இருமினால் முடியும்வரை காத்திரு. இன்றைக்கு முழங்கால் எப்படி என்று கேள். அடியில் கோடு போட்டு, பயப்படாதே, நல்ல மனுஷன்தான் என்று முடித்திருந்தார்.

பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும். மேஸ்திரி மரக் கெஜக்கோலால் வரியைத் தொட்டுக் காட்டுவார், அவள் வாசிப்பாள். அவள் உதடு தவறாகப் போனால் அவர் தன் உதட்டைச் சத்தமில்லாமல் அசைத்துக் காட்டுவார். வளையக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தலையாட்டிக்கொண்டே கேட்பாள். ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹீ இஸ் நாட் அவெய்லபிள் என்ற வரியில்தான் தகராறு வந்தது. அஃப்ரெய்ட் என்றால் பயம் என்பது அண்ணிக்குத் தெரியும்.

"எனக்குப் பயமா இருக்குன்னு நான் எதுக்குங்க அவர்கிட்ட சொல்லணும்? இருக்கிற பயத்தை மறைக்கத்தானே இவ்வளவு பாடும்."

மேஸ்திரியின் தோள்கள் குலுங்கின. ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சத்தம் வராவிட்டால் என்ன, கண்ணில் தண்ணீர் வந்தது. அது ஒரு மரியாதைப் பேச்சு, அவ்வளவுதான், அவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதிக் காட்டினார். மரியாதைக்காகப் பயந்துகொள்கிற ஜனங்களா என்று வளையக்கா ஆச்சரியப்பட்டாள். அண்ணிக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. மற்ற எதையும்விட அதைத்தான் தடுமாறாமல் சொன்னாள், உண்மையைச் சொல்வதற்குப் பாடம் எதற்கு.

முதல் செவ்வாய்க்கிழமை மணி அடித்தபோது அவள் கை ரிசீவரில் வழுக்கியது. மேஸ்திரி பக்கத்தில் நின்று, காதை ரிசீவரோடு ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டே கெஜக்கோலால் வரிகளைத் தொட்டார். அவள் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. தான் சொன்னது ஒரு மனிதருக்குப் புரிந்து, அவர் அதற்குப் பதிலும் சொல்கிறார் என்பதே அவளுக்கு நம்பமுடியாமல் இருந்தது. சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள், மூச்சு விடவேண்டிய இடத்தில் விட்டாள். மூன்று உறை, இன்ன அளவு என்று அவர் சொன்னதை மேஸ்திரி குறித்துக்கொண்டார். போனை வைத்ததும் அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒரு வாரம் மேஸ்திரி வெளியே போயிருந்தார். அடுத்த வாரம் வேறொரு லைனில் பேசிக்கொண்டிருந்தார், அந்தப் பட்டறையில் இருந்ததே ஒரு லைன்தான். இன்னொரு வாரம் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங் என்றால் அவர் அவள் பக்கத்திலேயே கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அர்த்தம். வேலை நடந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமையின் பேச்சு வரவரச் சுருங்கியது. நாயைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. அண்ணி முழங்காலைப் பற்றிக் கேட்டால், பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. அவள் சிரித்தால் அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. மேஸ்திரி இதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். போனை வைத்த பிறகு வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தனியாக உட்கார்ந்துகொள்வார்.

மழைக்காலம் வந்தது. பட்டறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகி, புதிதாக வந்திருந்த நீலக் கேன்வாஸ் சுருள் முழுக்க நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, செவ்வாய்க்கிழமைக்கு அனுப்பவேண்டிய பெரிய உறை ஒன்றுக்கு ஒரு பக்கம் துணி குறைந்தது. அண்ணியும் மேஸ்திரியும் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பார்சல் வண்டி மாலையில் வந்துவிடும். சின்னவர் பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காய்ந்த, நல்ல, அதே நீலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சுவரில்.

அவர் அதை இறக்கி, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். மழையில் நனைந்தாலும் அழியக்கூடாது என்பதற்காகவே மெழுகு சேர்த்துச் செய்த சாக்பீஸ் அது. அழியவில்லை. எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி வெட்டி, தானே மிஷினில் உட்கார்ந்து தைத்து, வளையக்காவிடம் வளையம் அடித்து வாங்கி, மடித்து வண்டியில் ஏற்றியும் விட்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி உள்ளே வந்து வெறும் சுவரைப் பார்த்தாள்.

"எங்க தம்பி அது?"

"உறையா போயிடுச்சு அண்ணி." அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குக் குரல் இறங்கியது. "உங்களுக்குத்தான் மனப்பாடம் ஆயிடுச்சேன்னு..."

"கிறுக்கின துணியைத் தச்சு அனுப்பியிருக்கோம். பார்த்தா என்ன நினைப்பாரு? ஆள் பேச மாட்டேங்கிறார், வேலையும் இப்படி ஆயிடுச்சுன்னு நினைக்க மாட்டாரா?"

சின்னவருக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. அவர் பாவம், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தமிழ் எழுத்து அந்த மனிதருக்கு என்ன தெரியப்போகிறது, ஏதோ தையற்காரன் அடையாளம் என்று நினைத்துக்கொள்வார் என்று வளையக்காதான் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னாள்.

அண்ணிக்கு வரிகள் மனப்பாடம்தான். சுவர் இல்லாமலே அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளைச் சமாளித்தாள். ஆனால் மூன்றாவது வாரம் அவர் அவளுடைய எந்த வரிக்கும் காத்திருக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அடுத்த வருஷத்துக்கான வேலையைப் பற்றி மேஸ்திரியிடம் நேராகப் பேசவேண்டும். அவரிடம் பேசாமல் எதையும் முடிவு செய்வதாக இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவர் போன் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கோலும் தேவைப்படவில்லை, பாடமும் தேவைப்படவில்லை. ஐ வில் லெட் ஹிம் நோ என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணன் மாதிரி நான் பேசிவிடுகிறேன் என்று சின்னவர் முன்வந்தார். ஒரே ரத்தம், குரலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். மேஸ்திரி அவருக்கு எழுதிக் காட்டிய பதில்: உன் ஆங்கிலத்தைக் கேட்டால் அவர் படகையே விற்றுவிடுவார். அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி மறுபடியும் சாக்பீஸை எடுத்தார். சொல்லிவிடு, போனால் போகட்டும் என்று எழுதினார். அண்ணி அந்தக் கேன்வாஸ் துண்டைத் திருப்பி வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் அவள் தைத்த தையல்களில் பாதியைப் பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமையே கூப்பிட்டுவிட்டார்.

மதியம். அண்ணி மேஸ்திரிக்குக் கஞ்சியை மசித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் அடுத்த தெருக் கடைக்காரராக இருக்கும் என்று கரண்டியோடே போய் எடுத்தாள். அவருடைய குரல். கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் குட் மார்னிங் என்றாள், மதியத்தில்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பார்சல் வந்துவிட்டது என்றார். உறையை விரித்தபோது உள்பக்கம் முழுக்க எழுத்து இருந்தது என்றார். அண்ணி கரண்டியை மேஜைமேல் வைத்தாள். ஸாரி சார், ஸாரி சார் என்று இரண்டு முறை சொன்னாள். அவர், பொறுங்கள், சொல்லவிடுங்கள் என்றார். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவளுக்குப் புரிந்தது இது.

அவருடைய படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதில் சமைக்கிறவருக்கு இந்த எழுத்து தெரியும். உறையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம் போய், இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்று கேட்டிருக்கிறார். சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். அது ஆங்கிலமாக வந்தது. முதல் வரி குட் மார்னிங், ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ. இரண்டாவது வரியும் ஏற்கெனவே கேட்டதாக இருந்தது. நாலாவது வரியை, சமையற்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவரே சொல்லிவிட்டார். வாராவாரம் கேட்கிற வரிகள்தானே. குறிப்புகளைச் சமையற்காரர் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார்.

"சிரிக்கச் சொல்லி எழுதியிருந்த இடத்துல நீங்க ஒவ்வொரு வாரமும் சிரிச்சீங்க" என்றார் அவர். "இருமினா காத்திருன்னு எழுதியிருக்கு. நான் இருமி முடிக்கிற வரைக்கும் நீங்க காத்திருந்தீங்க. எழுதினது அவருன்னு எனக்குத் தெரியும். முழங்காலைப் பத்தி வேற யாருக்கும் அக்கறை கிடையாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. அவர் உயிரோட இருக்காரா?"

அந்த மனிதர் இத்தனை வாரமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அண்ணிக்கு விளங்கியது. நேராகப் பேசவேண்டும் என்று அவர் கேட்டது மிரட்டல் இல்லை. இவள் இங்கே பயந்த மாதிரியே அவரும் அங்கே பயந்துகொண்டு இருந்திருக்கிறார். பேச்சுத் துணை செத்துப்போய்விட்டார், அதை இவள் தன்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

இதற்கான வரி எந்தத் துணியிலும் இல்லை.

"ஹீ இஸ் ஹியர், சார்" என்றாள். "ஹியர். ஈட்டிங். வாய்ஸ் நோ. டாக்டர் கட். வாய்ஸ் கான். பட் ஹீ இஸ் ஹியர்." பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், "ஐ ஆம் அஃப்ரெய்ட், சார். வெரி வெரி அஃப்ரெய்ட். ஸோ ஐ நோ டெல்" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அவர் காத்திருந்தார். அவள் அழுது முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேஸ்திரி கஞ்சியை விட்டுவிட்டு வந்து அவள் பின்னால் நின்றார். வளையக்காவும் சின்னவரும் வாசலில் நின்றார்கள். அண்ணிக்கு அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம் ஒன்றுதான், கடவுளே, இந்தத் தூரத்திலும் இவருக்கு ஒரு மனுஷனைக் கொடுத்திருக்கிறாயே. வேலை போகுமோ இருக்குமோ என்பதுகூட அவள் நினைவில் இல்லை.

அவருக்குக் காது கேட்குமா என்று செவ்வாய்க்கிழமை கேட்டார். கேட்கும் என்றாள். அவரிடம் போனைக் கொடுங்கள், ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு, இதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

மேஸ்திரி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். அண்ணியும் அவர் காதோடு காதை வைத்துக்கொண்டாள். ஆள் மாறி நிற்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் பெயரைச் சொல்லி அழைத்தார், நீர்தானா என்றார். மேஸ்திரி ரிசீவரை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. அடுத்த வருஷ உறைகளை நீர்தானே தைக்கிறீர் என்றார். ஒரு தட்டு. இந்தக் கதையெல்லாம் சொல்லி விலையை ஏற்றப்போகிறீரா என்றார். இரண்டு தட்டு. அண்ணி வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். சின்னவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாய்க்கும் வயசாகிவிட்டதாம், செருப்பைக் கடிக்கப் பல் இல்லையாம், வாயில் கவ்விக்கொண்டு சும்மா படுத்திருக்கிறதாம். அவர் எதையும் கேட்கவில்லை. ஆனால் மேஸ்திரி தட்டினார். நிறுத்தினார், மறுபடி தட்டினார். நாலு, ஏழு, வேகமாக மூன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் ஒரு கொத்து. கண்கள் விரிந்து, புருவம் ஏறி இறங்கி, இடது கை காற்றில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பேச்சை நிறுத்தினார். ஒன்றும் பிடிபடாமல் அண்ணியைக் கூப்பிட்டார். எண்ணிக்கை தவறிவிட்டது, இது ஆமாமா, இல்லையா, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அண்ணி மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹீ இஸ் டாக்கிங், சார்" என்றாள். "ஆல்வேஸ் லைக் திஸ். ஸ்டார்ட் பண்ணா நோ ஸ்டாப்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்போ பேசட்டும்மா" என்றார் அவர். "எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

அண்ணி ரிசீவரை மேஸ்திரியின் விரலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.